ஏரிக்கரையில் பெயர் கூப்பிட்டபோது

இரவு எட்டே முக்கால் மணி. முடிச்சூர் ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் கரை... விளக்குக் கம்பம் கிடையாது, கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது. மூன்று பேர் வரிசையாக வருகிறார்கள். முன்னால் போகிறவர் கையில் டார்ச். அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். கடைசியிலிருந்து பதில் வருகிறது. ஆனால்... அந்தப் பெயருக்கு உரிய மனிதர் இன்னும் வாயையே திறக்கவில்லை.

இருங்கள், இருங்கள். அதற்குள் கையைப் பிடித்துக்கொண்டால் எப்படி ஞானம்மா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கரண்ட் வர ஒரு மணி நேரமாகும் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். வெளியூர் போன் இணைக்கிற டிரங்க் போர்டு பேட்டரியில் ஓடுகிறது. போன் கால் வந்தால் யாராவது ஒருத்தி எழுந்து போய் எடுங்கள், நான் எழுந்திருக்க மாட்டேன். அந்த மெழுகுவர்த்தியை மட்டும் நடுவில் நகர்த்துங்கள்.

இது யாரோ எவரோ சொன்ன கதை இல்லை. நம்ம சரோஜினி, பகல் ஷிஃப்ட் சரோஜினி, அவளுடைய அக்கா தபீதாளின் வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் பெயர் அசரியா. கிழக்குத் தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் தபீதாளிடம் சொன்னார், அவள் தங்கையிடம் சொன்னாள், தங்கை என்னிடம் சொன்னாள். சரோஜினி இன்றைக்கு டூட்டியில் இல்லை என்பதால்தான் வாயைத் திறக்கிறேன். நாளைக்கு அவள் வந்ததும் யாரும் மூஞ்சியை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்போது எண்பத்தைந்தாம் வருஷம். அசரியாவும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை 'வாக்கிங்' போவார்கள். வாக்கிங் என்றுதான் பெயர். தலைவர் தட்சிணாமூர்த்தி, ரயில்வேயில் கேங் மேஸ்திரி, தண்டவாளம் பழுது பார்க்கிற ஆட்களுக்குத் தலைவர். அவருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கே போய் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லையே! மேற்குத் தாம்பரத்தில் நாலு மணிக்குக் கிளம்பி, முடிச்சூர் ரோட்டோடு நடந்து, ஏரிக்கரை ஏறி, கரையின் அந்தக் கோடிக்குப் போனால் ஒரு தோப்பு. தோப்புக்குள் கள்ளுக்கடை. அப்போதெல்லாம் அரசாங்க லைசன்ஸ் கடை. நெத்திலி வறுவலும் காரச் சுண்டலுமாக எட்டு மணிவரை அங்கே தேச சேவை. பிறகு அதே கரைமேல் திரும்பி வருவது.

மற்ற இருவரில் ஒருவர் சிட்டிபாபு. மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாயில் எப்போதும் ஒரு பாட்டு இருக்கும், சுருதி மட்டும் இருக்காது. இன்னொருவர் துளசிங்கம். முடிச்சூர்க்காரர். கரையின் இந்த முனையில் மதகு இருக்கிறதே, அதிலிருந்து ஐம்பது அடியில் அவர் தெரு. சாதுவான மனுஷன். பேச்சு கம்மி, இருமல் அதிகம். பீடி.

இப்போது அந்தப் பெயர் கூப்பிடுகிற வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

தண்டவாளத்தில் வேலை நடக்கிறபோது வண்டி வந்தால் மேஸ்திரி விசில் ஊதுவார். ஆட்கள் ஒதுங்குவார்கள். மழையிலும் பனி மூட்டத்திலும் யார் ஒதுங்கினான், யார் ஒதுங்கவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் தட்சிணாமூர்த்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பதில் வந்தால் அந்த ஆள் தண்டவாளத்துக்கு வெளியே இருக்கிறான் என்று அர்த்தம். இதில் ஒரே ஒரு சட்டம். ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லக் கூடாது. ஒருமுறை ஒரு பையன் விளையாட்டுக்கு அப்படிச் சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிய அறையில் இரண்டு நாள் காது கேட்காமல் திரிந்தானாம்.

அந்தப் பழக்கத்தை மேஸ்திரி ஏரிக்கரைக்கும் கொண்டு வந்துவிட்டார். காரணம் சிட்டிபாபு. ஒரு ராத்திரி வரிசையிலிருந்து நழுவி வரப்பில் படுத்துத் தூங்கிவிட்டு, விடிந்து மாடு நக்கித்தான் எழுந்தார். அதற்கப்புறம் திரும்பி வரும்போது மூன்று இடத்தில் பெயர் கூப்பிடுவது என்று ஆயிற்று. கரை ஏறும்போது ஒரு தடவை. பாதி வழியில் வண்ணார் துவைக்கிற படித்துறை வரும், அங்கே ஒரு தடவை. கடைசியாக மதகு. முன்னால் மேஸ்திரி, அப்புறம் சிட்டிபாபு, அப்புறம் அசரியா, கடைசியில் துளசிங்கம். சிட்டிபாபு "கீறேன்பா" என்பார், இருக்கிறேன் என்று. துளசிங்கம் ஒரு இருமல் இருமிவிட்டு "கீறேண்ணா" என்பார். அசரியா வாத்தியார் இல்லையா, கிளாஸில் பிள்ளைகள் சொல்கிற மாதிரி "ப்ரெசென்ட், மேஸ்திரி!" என்பார்.

அசரியாவுக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் அப்படியே பேசுவார். பள்ளி ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் குரலில் இவர் லீவு அறிவிக்க, பாதிப் பிள்ளைகள் நிஜம் என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

நவம்பர் மாதம். அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரி கரை தளும்ப நின்றது. படித்துறையில் பெயர் கூப்பிட்டார் மேஸ்திரி. நாலு பதில் வந்தது... தன்னையும் சேர்த்துதான் அவர் எண்ணுவார். தூறல் பிடித்துக்கொண்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்கள். மதகுக்கு வந்தார்கள்.

"சிட்டிபாபு!"

"கீறேன்பா."

"அசரியா!"

"ப்ரெசென்ட், மேஸ்திரி!"

"துளசிங்கம்!"

பதில் இல்லை.

"துளசிங்கம்! இன்னாபா, வாயத் தொறயேன்!"

அசரியா திரும்பிப் பார்த்தார். இருட்டு. பீடி பற்ற வைக்க நின்றிருப்பார் என்று நினைத்தார். மழை வலுத்தது. வயிறு முட்டக் குடித்திருக்கிறார், சிறுநீர் வேறு முட்டுகிறது, எப்போது வீடு போவோம் என்று இருந்தது. ஒரு விளையாட்டு... ஒரு இருமல் இருமி, துளசிங்கத்தின் தொண்டையிலிருந்தே வந்த மாதிரி, "கீறேண்ணா" என்றார்.

"சரி, நட" என்றார் மேஸ்திரி.

துளசிங்கம் சொல்லிக்கொள்ளாமல் தன் தெருவுக்குள் நுழைந்துவிடுகிற ஆள். அதனால் அதற்கப்புறம் அவரை யாரும் தேடவில்லை.

காலையில் துணி துவைக்க வந்தவர்கள் பார்த்தார்கள். படித்துறைக்குப் பக்கத்தில், அல்லிக் கொடிக்குள்.

இனிமேல்தான் வினை. விசாரணைக்கு வந்த போலீஸிடம் மேஸ்திரி சத்தியம் செய்தார். "மதகாண்ட வந்து பதில் சொன்னான் சார். என் காதால கேட்டேன். முப்பது வருசமா இந்தக் காத நம்பித்தான் என் ஆளுங்க உசுரோட கீறாங்க." சிட்டிபாபுவும் அதையே சொன்னார். அப்படியானால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு ஐம்பது அடியில் நின்ற மனுஷன், வீட்டுக்குப் போகாமல், மழையில், பாதிக் கரை திரும்பி நடந்து போய்த் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். அவர் வேலை பார்த்த கம்பெனி வேறு அந்த மாதம் பூட்டிக் கிடந்தது. ஊர் முடிவு கட்டிவிட்டது, தானாகத்தான் விழுந்தான் என்று.

அசரியா அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாத்தியார் வேலை, போலீஸ், மேஸ்திரியின் கை... எல்லாவற்றுக்கும் பயந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பது ஒரு வாரமாயிற்று. அந்த வாரத்துக்குள் துளசிங்கத்தின் பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கலைந்தது. 'அப்பன் ஏரியில விழுந்து செத்தவன், அந்த வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்' என்று மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார். துளசிங்கத்தின் தம்பி, அண்ணனை அப்படி என்ன பேசி விரட்டினாய் என்று அண்ணி லோகநாயகியைக் கேட்டுவிட்டு வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினான். மாமியாரும் பேசுவதில்லை. செத்தவனுக்கும் கெட்ட பெயர், இருப்பவளுக்கும் கெட்ட பெயர். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை அசரியாவின் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள் பயந்தால் இப்படித்தான்.

இரண்டு மாதம் வாக்கிங் இல்லை. பிறகு பொங்கல் கழிந்து மூன்று பேராகப் போக ஆரம்பித்தார்கள். இப்போது வரிசையில் கடைசி ஆள் அசரியா.

முதல் தடவை நடந்தது மாசியில். படித்துறை அருகில் மேஸ்திரி பெயர் கூப்பிட்டார். "அசரியா!" இவர் அல்லிக் கொடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பி வாயைத் திறப்பதற்குள்...

"ப்ரெசென்ட், மேஸ்திரி!"

சிட்டிபாபுவின் குறும்பு என்று நினைத்தார். ஆனால் சிட்டிபாபு முன்னால் நடந்துகொண்டிருந்தார். குரல் வந்தது பின்னாலிருந்து.

ஆடியில் இன்னொரு தடவை. அப்போது தானேதான் சொல்லியிருப்போம், போதையில் தெரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அதிலிருந்து மேஸ்திரி அசரியா என்ற பெயரின் முதல் எழுத்தை எடுக்கும்போதே இவர் அவசரமாகப் பதில் சொல்லிவிடுவார். யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்பதுபோல. மேஸ்திரிகூட, "இன்னா வாத்யாரே, ரயிலப் புடிக்கப் போறியா?" என்று கேட்டாராம்.

அப்படியே வருஷம் ஓடி டிசம்பர் வந்தது. எண்பத்தாறு. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து கள்ளுக்கடை எல்லாம் மூட வேண்டும் என்று உத்தரவு. சிட்டிபாபு கிட்டத்தட்ட அழுதுவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை, கடைசி நாள். சனிக்கிழமை இல்லாவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். அசரியா வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அன்றைக்கு ராத்திரி சர்ச்சில் வருஷப் பிறப்பு ஆராதனை. பதினோரு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

"ஒன்பதரைக்கு வீட்ல இருப்பேன் தபீதா. குளிச்சிட்டு, ஏலக்காய் மென்னுட்டு வரேன். இதோட இந்தக் கடைக்கே போக முடியாது, உனக்கு நல்லதுதானே?"

தபீதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாளாம். அது எவ்வளவு பெரிய பதில் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

எட்டரைக்குக் கிளம்பினார்கள். பனி இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை, கரை வழுக்கியது. எங்கேயோ ஒரு தவளை, ஒன்றே ஒன்று... விட்டுவிட்டுக் கத்தியது. கரை ஏறும்போது மேஸ்திரி கூப்பிட்டார்.

"சிட்டிபாபு!"

"கீறேன்பா."

"அசரியா!"

"ப்ரெசென்ட், மேஸ்திரி!"

அசரியா வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடி கேட்டது. சளக்... சளக்... என்று ஈரக் கால் வைத்து யாரோ நடக்கிற சத்தம். பீடி வாசனை. புகை வாசனை இல்லை, நனைந்து போன பீடிக் கட்டின் வாசனை. "மேஸ்திரி" என்று கூப்பிட நினைத்தார். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. குரல் இல்லை.

இன்னொரு தடவை முயன்றார். கத்திப் பார்த்தார். பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிப் பையனை அதட்டுகிற தொண்டை... அதிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

எட்டி நடந்து சிட்டிபாபுவின் சட்டையைப் பிடித்துவிடலாம் என்று வேகமாக அடி எடுத்து வைத்தார். அதற்குள் படித்துறை வந்துவிட்டது, அதற்கு மேலே மண் அரித்து ஒரு குழி. கால் வழுக்கியது. ஒரு சத்தமும் இல்லாமல், சேற்றோடு சேறாகச் சறுக்கித் தண்ணீருக்குள் போனார். இடுப்பளவு... மார்பளவு. கீழே காலுக்கு நிலம் இல்லை. அல்லிக் கொடி முழங்காலைச் சுற்றியது. கை அகப்பட்ட புல்லைப் பிடித்தால் புல் வேரோடு வருகிறது.

மேலே டார்ச் வெளிச்சம் நின்றது. நிம்மதியாக இருந்தது அவருக்கு. ஆள் குறைவதைப் பார்த்துவிட்டார்கள்.

"அசரியா!" என்று கூப்பிட்டார் மேஸ்திரி.

"ப்ரெசென்ட், மேஸ்திரி!"

குரல் இப்போது முன்னால் போயிருந்தது. சிட்டிபாபுவுக்கு அடுத்தபடி, அசரியா நடக்க வேண்டிய இடத்தில்.

"சரி, நட."

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. தண்ணீருக்குள் கிடந்தபடி அது சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தார். தன் குரல் அங்கே பேசிக்கொண்டு போவதைக் கேட்டார். சிட்டிபாபு ஏதோ சொல்ல, தன்னுடைய சிரிப்பே சிரிக்கிறது. மதகுக்குப் போய், "குட் நைட் மேஸ்திரி, எனக்கு சர்ச்சுக்கு நேரமாச்சு" என்கிறது. யாருக்கும் சந்தேகமில்லை. யார் திரும்பி வரப்போகிறார்கள்?

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. துளசிங்கமும் இதைக் கேட்டிருக்கிறான். இதே இடத்தில், இதே தண்ணீரில், மூச்சு இருக்கும்போதே. மேஸ்திரி தன்னை இரண்டு தடவை கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறான். வந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். அப்புறம் தன் குரலே 'கீறேண்ணா' என்று சொன்னதையும், எல்லோரும் நடந்து போனதையும் கேட்டிருக்கிறான். பதின்மூன்று மாதமாக அசரியா தன் பொய்யைப் பற்றித்தான் நினைத்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த காதைப் பற்றி நினைக்கவே இல்லை. தண்ணீருக்குள் அவர் அழுதாராம். சத்தமில்லாமல்தான், வேறு எப்படி?

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. துவைக்கிற கல் ஒன்று கைக்கு அகப்பட்டது என்றார். முதலில் துழாவியபோது அந்த இடத்தில் கல் இல்லை என்றும் சொன்னார். இரண்டையும் தபீதாளிடம் எழுதித்தான் காட்டினார், ஏனென்றால் குரல் இன்னும் வரவில்லை.

வீடு போய்ச் சேரும்போது மணி பதினொன்று. உடம்பெல்லாம் சேறு. தபீதாள் பட்டுப் புடவையில், கையில் பைபிளோடு வாசலில் நிற்கிறாள். இவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கோபத்தில் இல்லை.

"நீங்க... நீங்க பின்னாடி கிணத்தடியிலதானே இருந்தீங்க?"

பத்தரை மணிக்குப் பின்கட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. "வந்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்தே கேட்டிருக்கிறாள். "வந்துட்டேன் தபீதா, கால் கழுவிட்டு வரேன்" என்று இவர் குரல். அரை மணியாகக் காத்திருந்துவிட்டு, பின்கதவைத் திறக்கப் போனவள், ஏனோ திறக்காமல் முன்வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவர் வாயைத் திறந்து காட்டினார். காற்று. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினார். மதகில் பதில் சொன்னது முதல். தபீதாள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்து, ஒரு வார்த்தை திட்டவில்லை. "சட்டைய மாத்துங்க. சர்ச்சுக்குப் போலாம்" என்றாள்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள், உங்களில் சிலருக்குத் தெரியும். போன வருஷம் தேவன் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வது. அசரியா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்தார்... திறந்தபடியே நின்றார். பாஸ்டர் காத்திருந்தார். யாரோ ஒரு குழந்தை சிரித்தது. தபீதாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அங்கே சொல்ல வேண்டிய சாட்சி இல்லை அது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. ஐந்து மணிக்குத் தனியாகக் கிளம்பி முடிச்சூருக்கு நடந்தார். என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில்கூட எழுதிக் காட்டவில்லை. காகிதத்தில் எழுதி லோகநாயகியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு எண்ணம், அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று ஒரு கவலை. நினைத்துக்கொண்டே போனார்.

துளசிங்கத்தின் தெரு இருட்டாக இருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு. அவர் வீட்டில்தான். வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பதறி உள்ளே நுழைந்தார்.

யாரும் போகவில்லை. கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். துளசிங்கத்தின் அம்மா. பதின்மூன்று மாதமாக வாசல் மிதிக்காத தம்பி. சம்பந்தத்தைக் கலைத்துவிட்டுப் போன அந்த மாப்பிள்ளையின் அப்பா. ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு தட்சிணாமூர்த்தி மேஸ்திரி. எல்லோர் கையிலும் டீ டம்ளர்.

"வாங்க சார்" என்றாள் லோகநாயகி.

அசரியாவுக்குத் தொண்டையில் ஏதோ பிடி விட்ட மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார். குரல் வந்தது.

"அண்ணி... அன்னைக்கு மதகுகிட்ட துளசிங்கம் பதில் சொல்லலை. அவர் குரல்ல சொன்னது நான்தான். விளையாட்டா சொன்னேன். அவர் திரும்பிப் போய் விழலை அண்ணி. படித்துறையிலேயே வழுக்கி விழுந்திருக்கார். நாங்கதான்... நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்."

கிழவிதான் முதலில் அழுதாள். "எம்புள்ள தானா சாவலடா" என்று பெரிய குரலெடுத்து. தம்பி எழுந்து போய் அண்ணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி மெதுவாக வந்து அசரியாவின் எதிரே நின்றார். அறைவார் என்று இவர் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி அறையவில்லை. "என் காதே என்ன ஏமாத்திடுச்சேய்யா" என்று மட்டும் சொன்னார். அன்றையிலிருந்து அவர் யார் பெயரையும் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவரையும் கிட்டப் போய், தொட்டுப் பார்த்துத்தான் எண்ணுவாராம்.

அந்தப் பெண்ணுக்குத் தையிலேயே கல்யாணம். அதே மாப்பிள்ளை. சரோஜினியோடு நானும் போயிருந்தேன், சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருப்பது கல்யாணச் சாப்பாட்டைக் கேட்க இல்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்றைக்கு எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு அசரியாவுக்குத்தான் அது தோன்றியது. இத்தனை பேரும் புது வருஷத்து விடியற்காலையில் இங்கே எப்படி? கேட்டார்.

லோகநாயகி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னா சார் இப்பிடி கேக்கறீங்க? நீங்கதானே வரச் சொன்னீங்க? நேத்து ராத்திரி ஒம்போது மணிக்கு வந்து கதவாண்ட நின்னுகினு, 'அண்ணி, காலைல வந்து ஒரு விசயம் சொல்லணும், எல்லாரையும் கூப்ட்டு வையுங்க'ன்னு யார் யார் வரணும்னு பேர் பேரா சொன்னீங்களே. உள்ள வாங்க சார்ன்னேன். கால் சேறா கீதுன்னு வெளியவே நின்னுட்டீங்க."

ஒன்பது மணிக்கு அசரியா எங்கே இருந்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

அவள் மகள் இருந்த உள் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானே உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். போவும்போது, 'புளியங்கொட்டை தூங்கிட்டாளா'ன்னு கேட்டீங்களே... அது அவரு எம்பொண்ணக் கூப்புட்ற பேரு. வூட்டுக்குள்ள எங்க மூணு பேரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"